ஏட்டுச் சுரைக்காயும் கறிக்கு உதவும்!

இரவு பதினொரு மணி. வட்ட அலுவலகம். மங்கிய விளக்கு. மேசைமீது தாள்கட்டுகள் இரண்டு. கையிலே சிவப்புப் பென்சில். ஆலையிலே எட்டுமணி நேரம் உழைத்துவிட்டு வந்த தோழர், வீட்டுக்குச் செல்லவில்லை, உண்ணவில்லை, உறங்கவில்லை. வாக்காளர் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். பழைய பட்டியல் இடப்பக்கம், புதிய பட்டியல் வலப்பக்கம். ஒவ்வொரு பெயராக விரலால் தொட்டு, ‘இருக்கிறது’, ‘இருக்கிறது’, ‘இல்லை!’ என்று குறித்துக்கொண்டே போகிறார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள்! ஓர் இரவல்ல, மூன்று இரவுகள்!

அதே மேசைமீது கணினி ஒன்றும் இருக்கிறது. அதே பட்டியல் அந்தக் கணினியிலும் இருக்கிறது. “ஏன் தோழரே, கணினியையே தேடச் சொல்லக்கூடாதா?” என்று கேட்டோம். சிரித்தார். “நீங்களே தேடிப் பாருங்கள்” என்றார். பெயரைத் தட்டினோம். கணினி கையை விரித்துவிட்டது. கண்ணெதிரே பெயர் தெரிகிறது; கணினியோ, ‘காணோம்’ என்கிறது!

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர் நம் வீட்டுப் பெரியவர்கள். அன்றிரவு நாம் கண்டது அந்தச் சுரைக்காயைத்தான். காய் தெரிகிறது, கொடி தெரிகிறது, பசுமை தெரிகிறது. அரிவாள்மனையில் வைத்து அரியத்தான் முடியவில்லை!

ஏன் இந்த நிலை? பி.டி.எஃப். என்று நாம் அன்றாடம் கையாளுகிறோமே, அந்தக் கோப்பு முறையை அடோபி நிறுவனம் 1993ல் வெளியிட்டது. எந்த ஊரில், எந்தக் கணினியில் திறந்தாலும், எந்த எந்திரத்தில் அச்சிட்டாலும், தோற்றம் மாறக்கூடாது என்பதே அதன் நோக்கம். நல்ல நோக்கம்தான், மறுப்பாரில்லை. ஆனால், அது காப்பது தோற்றத்தை மட்டுமே! இந்த எழுத்தை இந்த இடத்திலே வை, அந்தக் கோட்டை அந்த இடத்திலே இழு என்ற குறிப்புத்தான் பெரும்பாலும் அதற்குள்ளே இருக்கிறது. ‘இது பெயர், இது தந்தை பெயர், இது வயது’ என்ற பொருளறிவு அதற்கு இல்லை. அதுவும், தாளை ஸ்கேன் செய்து அடைத்துவிட்ட கோப்பாக இருந்தால், எழுத்துக்கூட இல்லை, வெறும் படம். படத்திலே கணினி எப்படித் தேடும்?

‘படமாகக் கொடுக்காதீர், தேடக்கூடிய எழுத்தாகவே கொடுங்கள்’ என்று கேட்டோர் உண்டு. மத்தியப் பிரதேச வாக்காளர் பட்டியலை அவ்வாறு தரவேண்டுமென்று கமல்நாத் தொடுத்த வழக்கு 2018 அக்டோபரில் உச்சநீதிமன்றத்திலே தள்ளுபடியாயிற்று. எழுத்து வடிவிலே கொடுத்தால் வாக்காளரின் அந்தரங்கம் பாதிக்கப்படும், பட்டியலை வாரிக்கொண்டுபோய்த் தவறாகப் பயன்படுத்துவர் என்பது தேர்தல் ஆணையத்தின் வாதம். அந்த அச்சத்தை அடியோடு தள்ளிவிட நாம் முற்படவில்லை. அதுபற்றிப் பின்னர் பேசுவோம். ஆனால், அந்தத் தீர்ப்பிலே கூறப்பட்ட ஒன்றைத் தோழர்கள் மனத்திலே பதித்துக்கொள்ள வேண்டும். கொடுத்த பட்டியலைத் தேடக்கூடிய வடிவுக்கு மனுதாரர் மாற்றிக்கொள்ளலாம், அதற்கான உழைப்பை அவரே செலுத்திக்கொள்ளட்டும் என்பதே அதன் கருத்து.

மாற்றிக்கொள்ளலாம்! உழைத்தால்!

உழைப்புக்கு அஞ்சுகிறவர்களா நாம்? ஆனால் உழைப்பு என்றால் மூன்று இரவும் சிவப்புப் பென்சிலுமா? நிலத்தைக் கையாலே கிளறுவதும் உழைப்புத்தான், ஏர் பூட்டி உழுவதும் உழைப்புத்தான். எந்த ஏரை எடுப்பது என்பதே கேள்வி.

“தொழிலாளிக்கு எதற்கையா மென்பொருள் ஆராய்ச்சி?” என்று எள்ளி நகையாடுவோர் கிளம்புவர். அவர்களுக்குச் சொல்லுகிறோம். எழுதத் தெரிந்தவன் கணக்கெழுதினான். எழுதத் தெரியாதவன் கைநாட்டு வைத்தான். வட்டி குட்டி போட்டதும், வயல் கைமாறியதும், வீடு ஏலம் போனதும் அந்தக் கைநாட்டால்தான் அன்றோ? அன்று எழுத்தறிவு இல்லாதவன் ஏமாந்தான். இன்று, ஏட்டிலே இருப்பதைக் கட்டம் கட்டிக் கணக்காக மாற்றத் தெரியாதவன் ஏமாறுவான். பட்டியலும், ஊதியப் பதிவேடும், வைப்புநிதிச் சீட்டும், டெண்டர் விவரமும் நம் முன்னே கொட்டிக் கிடந்தாலும், கூட்டிக் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க முடியாதென்றால், இருந்தும் இல்லாததுதான்!

முடிந்தால் என்ன நடக்கும்? பனாமா ஆவணங்களைக் கேளுங்கள். பனாமாவிலே ஒரு சட்ட நிறுவனம். மொசாக் பொன்சேகா என்று பெயர். உலகத்துப் பணக்காரர்களும் பதவிக்காரர்களும் தம் செல்வத்தை மறைத்துவைக்க, பெயரளவுக்குக் கம்பெனிகள் அமைத்துக்கொடுத்த நிறுவனம். அதன் உள்ளறை ஆவணங்கள், பெயர் கூற விரும்பாத ஒருவர் மூலம் ஜெர்மானிய ஏடொன்றுக்குக் கிட்டின. எத்தனை? ஒரு கோடியே 15 லட்சம்! கடிதம், ஒப்பந்தம், கடவுச்சீட்டின் படம், எல்லாம் கலந்த குவியல். ஒரு மனிதன் உட்கார்ந்து படித்தால் ஆயுள் போதாது. சர்வதேசப் புலனாய்வுப் பத்திரிகையாளர் கூட்டமைப்பு என்ன செய்தது? அப்பாச்சி டீக்கா என்ற கருவியால் கோப்புகளிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுத்தது; படமாக இருந்தவற்றை டெசராக்ட் என்ற எழுத்துணரிக் கருவியிடம் கொடுத்துப் படிக்கச் செய்தது; பிறகு தேடக்கூடிய தொகுப்பாக்கியது. அந்த இரு கருவிகளும் எவரும் எடுத்தாளத்தக்க திறந்த மூலக் கருவிகள். 2016 ஏப்ரலில் செய்தி வெடித்தது. அந்த வாரத்திலேயே ஐஸ்லாந்தின் பிரதமர் பதவியைவிட்டு இறங்கினார். அடுத்த ஆண்டு பாகிஸ்தான் பிரதமர் நவாஸ் ஷெரீப், அந்த ஆவணங்களிலிருந்து கிளம்பிய வழக்கிலே பதவியை இழந்தார். பூட்டிய பெட்டியல்ல, புரியாத குவியலே அவர்களுக்கு அரணாக இருந்தது. அந்த அரண் தகர்ந்தது!

ஆகவே, கருவி வேண்டும். எது வேண்டும்? இங்கேதான் பலர் இடறி விழுகின்றனர். கருவிகள் பல, கூவுவோர் பலர். ‘எமது கருவி எல்லாம் செய்யும்’ என்பார் ஒருவர். ‘நேற்று வந்தது, நிமிடத்தில் முடிக்கும்’ என்பார் இன்னொருவர். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது பழமொழி. நாம் கூறுகிறோம்: இலவசமாக வரும் மென்பொருளைப் பல்லைப் பிடித்தும் பாருங்கள், வாலை முறுக்கியும் பாருங்கள், ஏரிலே பூட்டி இரண்டு சால் ஓட்டியும் பாருங்கள்! ஐந்து கேள்விகள் கேளுங்கள்.

முதற் கேள்வி: உனக்குத் தமிழ் தெரியுமா?

ஆங்கிலத் தாளிலே அற்புதம் காட்டும் கருவி, தமிழ்த் தாளைக் கண்டதும் திருதிருவென விழிப்பதுண்டு. டெசராக்ட் தமிழையும் அறியும். எச்.பி. நிறுவனத்திலே 1980களில் பிறந்து, 2005ல் திறந்த மூலமாக வெளிவந்து, பின்னர் கூகுள் ஆதரவிலே வளர்ந்த கருவி அது. நூற்றுக்கு மேற்பட்ட மொழிகள் அதற்குத் தெரியும். 2018ல் வந்த நான்காம் பதிப்பு முதல், நரம்பியல் வலைப்பின்னல் முறையிலே படிக்கிறது.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. படமல்லாத, எழுத்தே உள்ள தமிழ்க் கோப்பு கிடைத்தது என்று மகிழ்கிறோம். எடுத்து ஒட்டிப் பார்த்தால், ஆங்கில எழுத்துகளும் குறிகளும் அள்ளித் தெளித்ததுபோல் வருகின்றன! காரணம், பழைய எழுத்துருக்கள். திரையிலே ‘அ’ என்று காட்டும். உள்ளேயோ ஏதோ ஓர் ஆங்கில எழுத்தின் எண்ணைப் பதுக்கி வைத்திருக்கும். 2010ல் தமிழக அரசு யூனிகோடு முறையைத் தரமாக ஏற்றது; ஆனால் அதற்கு முன்னர் குவிந்த கோப்புகள் குவிந்தவைதாமே! யூனிகோடு கோப்பிலும் தொல்லை தீர்ந்ததா? ‘கொ’ என்ற எழுத்தைப் பாருங்கள். கொம்பு முன்னே, ‘க’ நடுவே, கால் பின்னே. கண்ணுக்கு ஓர் எழுத்து. அச்சிலே மூன்று துண்டு. துண்டுகளைத் தோற்ற வரிசையிலே பொறுக்கும் கருவி, கொம்பை முந்தைய எழுத்தோடு ஒட்டிவிட்டுக் ‘கா’வைத் தனியே நிறுத்திவிடும். கொடியைக் காடியாக்கும் கருவி நமக்கு எதற்கு? இத்தகைய கோப்புகளை, உள்ளிருக்கும் எழுத்தை நம்பாமல், படமாகவே மாற்றி எழுத்துணரியிடம் ஒப்படைப்பது பல நேரங்களில் நல்ல பலன் தருகிறது.

இரண்டாவது கேள்வி: உனக்குக் கட்டம் தெரியுமா?

எழுத்தைப் படிப்பது வேறு, ஏட்டின் அமைப்பை அறிவது வேறு. வாக்காளர் பட்டியலையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு முப்பது பெட்டிகள். மூன்று மூன்றாகப் பத்து வரிசை. ஒவ்வொரு பெட்டியிலும் வரிசை எண், அடையாள அட்டை எண், பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம். எழுத்து மட்டுமே அறிந்த கருவி, இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை ஒரே ஓட்டமாகப் படித்துவிடும். விளைவு? மூவர் பெயரும் ஒரு வரியில், மூவரின் தந்தையரும் மறுவரியில்! முருகனுக்கு அடுத்த வீட்டுக்காரர் தந்தையாவார். வள்ளிக்கு வேறொருவர் கணவராவார். குடும்பத்தைக் கலைத்திடும் கருவியைக் கொண்டு குடிமகன் உரிமையைக் காக்க முடியுமா?

கட்டமறிந்த கருவிகளும் உள்ளன. டபுலா என்ற கருவியை 2013ல் உருவாக்கியவர்கள், செய்தி ஏடுகளோடு உறவுடைய நிரலாளர்கள். அட்டவணையை மீண்டும் தட்டச்சு செய்து அலுத்தோரின் வேதனையை அறிந்தவர்கள். பக்கத்தைத் திறந்து, அட்டவணையைச் சுற்றிக் கட்டம் வரைந்தால், கணக்குத் தாளாக மாற்றித் தரும். ஆனால், ஸ்கேன் செய்த படத்தின் முன்னே அது பயன்படாது. எழுத்து உள்ள கோப்பு மட்டுமே அதற்கு இரை. டோக்லிங் என்று ஒன்று, ஐ.பி.எம். நிறுவனத்தின் சூரிக் ஆய்வகத்தார் 2024ல் திறந்த மூலமாக வெளியிட்டது. பக்கத்திலே தலைப்பு எது, பத்தி எது, அட்டவணை எது என்று பிரித்தறிந்து, ஒழுங்குபட்ட தரவாக்கித் தரும். படமென்றால் எழுத்துணரியைத் துணைக்கு அழைத்துக்கொள்ளும். குரோபிட் என்று இன்னொன்று. ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் பிரிப்பதிலே தேர்ந்தது. அதனிடம் ஊதியப் பட்டியலைக் கொடுத்தால் என்ன ஆகும்? கொத்தனாரை அழைத்து முடி திருத்தச் சொன்ன கதைதான்! கருவி சிறந்ததா என்று மட்டும் கேளாதீர். இந்த வேலைக்குச் சிறந்ததா என்று கேளுங்கள்.

மூன்றாவது கேள்வி: நீ எங்கே வேலை செய்வாய்? எமது வீட்டிலா, அயலான் வீட்டிலா?

இது உயிர்நிலைக் கேள்வி. ‘கோப்பை அனுப்புங்கள், இலவசமாக மாற்றித் தருகிறோம்’ என்று அழைக்கும் தளங்கள் ஆயிரம். அனுப்புகிறோம். எங்கே போகிறது? எந்த நாட்டுக் கணினியில் தங்குகிறது? எத்தனை காலம்? யார் பார்க்கிறார்கள்? ஒரு தொழிற்சங்க அலுவலகத்திலே நாம் கண்டது இது: வேலைநிறுத்தத்துக்கு நிதி கொடுத்த தோழர்களின் பட்டியலை, துடிப்புள்ள இளைஞர் ஒருவர், அட்டவணையாக்கும் ஆர்வத்திலே, பெயர் தெரியாத தளம் ஒன்றில் ஏற்றிவிட்டார். கெட்ட எண்ணமில்லை, கெட்டிக்காரத்தனம் போதவில்லை. பதறிப்போன தலைவர் கேட்டார்: “தம்பி, இந்தப் பட்டியலை முதலாளி வீட்டு வாசலிலே ஒட்டியிருந்தால் என்ன நடக்கும் என்று யோசித்தாயா?” தம்பி தலைகுனிந்தார்.

வாக்காளரின் அந்தரங்கம் பற்றிய அச்சத்தைப் பின்னர் பேசுவதாகக் கூறினோமல்லவா? இங்கே பேசுவோம். அந்த அச்சம் நியாயமானதே. ஆகையால்தான், பிறர் பெயரும் வயதும் முகவரியும் நம் கையில் இருக்கும்போது, நாம் பிறரைவிட ஒரு பங்கு கூடுதலாகப் பொறுப்புடன் நடந்திட வேண்டும். டெசராக்ட், டபுலா, டோக்லிங் மூன்றையும் நமது கணினியிலேயே நிறுவி, வலையிணைப்பைத் துண்டித்துவிட்டும் இயக்கலாம். கோப்பு வாசற்படி தாண்டாது. வேலை சற்று மெதுவாக நடக்கும். நடக்கட்டுமே! மூன்று இரவுக்கு அரை நாள் மேலல்லவா?

நான்காவது கேள்வி: உன் உரிமச் சீட்டிலே என்ன எழுதியிருக்கிறது?

திறந்த மூலம் என்றால் நிபந்தனையே இல்லை என்று பொருளல்ல. அப்பாச்சி உரிமம், எம்.ஐ.டி. உரிமம் என்பவை தாராளமானவை: எடு, மாற்று, பயன்படுத்து, உரிமக் குறிப்பை மட்டும் நீக்காதே என்பவை. டெசராக்டும் டீக்காவும் முதல் வகை. டபுலாவும் டோக்லிங்கும் இரண்டாம் வகை. ஜி.பி.எல். உரிமமோ, பிறருக்குக் கொடுக்கும்போது மூல நிரலையும் அதே உரிமையோடு கொடு என்கிறது. ஏ.ஜி.பி.எல். அதற்கும் ஒருபடி மேலே சென்று, நீ மாற்றிய மென்பொருளை வலைவழியே பிறர் பயன்படுத்தினாலும் அவர்களுக்கு நிரலைக் கொடு என்கிறது. பெற்றதைப் பொதுவிலே வை என்பது நியாயந்தான். நமது அலுவலகத்துக்குள் பயன்படுத்த இவை எதுவும் தடையல்ல. ஆனால் மார்க்கர் என்ற கருவியைப் போல, நிரலுக்கு ஓர் உரிமமும், அதை இயக்கும் பயிற்சி பெற்ற மாதிரிக்கு வேறோர் உரிமமும் வகுத்து வெளிவந்தவையும் உண்டு. முன்வாசல் திறந்திருப்பதைக் கண்டு உள்ளே நுழைந்துவிட்டு, நடுக்கூடத்திலே கட்டணம் கேட்கும்போது திகைத்து நிற்காதீர்கள். சீட்டைப் படித்துவிட்டு நுழையுங்கள்.

ஐந்தாவது கேள்வி: நீ பொய் சொல்லுவாயா?

சிரிக்காதீர்கள்! 2013 ஆகஸ்டில், டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினி அறிஞர், கட்டட வரைபடம் ஒன்றை ஜெராக்ஸ் எந்திரத்திலே ஸ்கேன் செய்தார். மூலத்தில் மூன்று அறைகளின் பரப்பு 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர். நகலிலோ மூன்று அறையும் 14.13! மங்கல் இல்லை, கறை இல்லை. பளிச்சென்று, தெளிவாக, அழகாக, தவறு! படத்தைச் சுருக்கும் முறையிலே, ஒன்றுபோல் தோன்றும் துண்டுகளுக்கு ஒரே துண்டை ஒட்டிவிட்டது எந்திரம். நிறுவனமும் குறையை ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டது.

இன்றைய புதுக் கருவிகளிலே அந்த அபாயம் பெருகி நிற்கிறது. பழைய எழுத்துணரி தவறினால், ‘மு#க்ன்’ என்று உளறும், பார்த்தவுடன் தெரியும். செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைக் கொண்டு படிக்கும் கருவியோ, புரியாத இடத்திலே புரிந்ததுபோல் நிரப்பிவிடும். மங்கிய பெயருக்குப் பதிலாக, நல்ல தமிழ்ப் பெயர் ஒன்றைத் தானே சூட்டிவிடும்! உளறுகிறவனைக் கண்டுபிடிக்கலாம், உண்மைபோல் பேசுகிறவனைக் கண்டுபிடிப்பது கடினம். அரசியலிலே நாம் அறிந்த பாடந்தான் இது. கணினியிலும் அதுவே பாடம்.

அதனால்தான் சொல்லுகிறோம்: கருவியைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலை, சரிபார்ப்பது மறுபாதி. வாக்காளர் பட்டியலுக்கு நமது யோசனை இதுதான். முதலில், பக்கத்தைப் பெட்டி பெட்டியாக வெட்டச் செய்யுங்கள். பிறகு ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியே டெசராக்டிடம் கொடுங்கள். முருகனுக்கு அவர் தந்தையே தந்தையாவார். எழுத்துள்ள எளிய அட்டவணைகளுக்கு டபுலா போதும். அதனைக் கவனிப்போர் இப்போது குறைந்துவிட்டனர் என்பதையும் நினைவிலே வைத்திருங்கள். கலப்பான, சிக்கலான ஆவணங்களுக்கு டோக்லிங். எதுவானாலும், ஐம்பது பக்கங்களைக் கையால் சரிபார்த்து, எத்தனை தவறு என்று எண்ணிவிட்டு, மீதியைத் தொடங்குங்கள்.

முடித்த பிறகு? வரிசை எண்கள் இடைவெளியின்றி ஓடுகின்றனவா? ஓரிடத்திலே அறுந்தால், அங்கே ஒரு மனிதர் தவறிவிட்டார் என்று பொருள். பட்டியலின் முதற்பக்கத்திலே ஆண் இத்தனை, பெண் இத்தனை, மூன்றாம் பாலினம் இத்தனை, மொத்தம் இத்தனை என்று இருக்கிறது. நம் அட்டவணையின் கூட்டல் அதோடு பொருந்துகிறதா? ‘இல்லை’ என்று கணினி சொல்லும் ஒவ்வொரு பெயரையும், மூலத் தாளிலே கண்ணால் பார்த்து, வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்ட பிறகே, நீக்கப்பட்டதென்று முடிவு கட்டுங்கள். கருவியின் தவறை அதிகாரியின் தவறென்று மேடையிலே முழங்கிவிட்டால், மறுநாள் நாம் நகைப்புக்கு ஆளாவோம். உண்மையாகவே பெயர் இழந்தவரின் முறையீடும் அந்த நகைப்பிலே மூழ்கிவிடும்.

பீகாரிலே 2025ல் வாக்காளர் பட்டியலின் தீவிரத் திருத்தம் நடந்தபோது, வரைவுப் பட்டியலில் விடுபட்டோர் ஏறத்தாழ 65 லட்சம் பேர். அந்தப் பெயர்களைக் காரணத்தோடு, அடையாள அட்டை எண்ணைக் கொண்டு தேடும் வகையிலே வெளியிடுக என்று ஆகஸ்டு 14ல் உச்சநீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. தேடக்கூடிய பட்டியல் என்பது வசதியல்ல, உரிமையைக் காக்கும் வழி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆனால் ஒவ்வொரு முறையும் உத்தரவு வரும்வரை காத்திருக்க முடியுமா? தேர்தல் நாள் காத்திருக்குமா?

தோழர்களே! அந்தச் சிவப்புப் பென்சிலை நாம் இகழவில்லை. மூன்று இரவு விழித்த அந்தக் கண்களுக்குத் தலைவணங்குகிறோம். அந்தக் கண்கள் இனியும் வேண்டும். ஆயிரம் பெயரையும் தேட அல்ல, கருவி சுட்டிக்காட்டும் பன்னிரண்டு பெயர்களைப் பரிசோதிக்க! மிச்சமாகும் இரவிலே, அந்தப் பன்னிரண்டு வீட்டுக் கதவுகளைத் தட்டலாம். படிவத்தை நிரப்பிக் கொடுக்கலாம். வீட்டிலே காத்திருக்கும் குழந்தையையும் தூக்கிக் கொஞ்சலாம்.

வட்டத்துக்கு ஒரு கணினி, அதிலே இந்தக் கருவிகள், அதன் முன்னே பயிற்சி பெற்ற இருவர். ஒருவர் இயக்குபவர், மற்றொருவர் சரிபார்ப்பவர். இருவரும் ஒருவராக இருத்தல் கூடாது! இந்த ஏற்பாட்டை இந்த மாதமே தொடங்குங்கள். அடுத்த பட்டியல் வரும்போது, நாம் ஆயத்தமாக இருப்போம். ஏட்டிலே இருக்கும் சுரைக்காய், அப்போது நம் வீட்டுக் கறிக்கும் உதவும்!